சம்பந்தி வீட்டுச் சீம்பால்

பால் குடிப்பதை நான் விட்டு நாலு வருஷம் ஆகிறது. தயிர், மோர், நெய், முட்டை, கறி, மீன், கருவாடு எல்லாம் கூடவே போய்விட்டன. இதில் கருவாடு போனதுதான் எங்கள் ஊரில் பெரிய செய்தி. பால் குடிக்காதவனை ஊர் மன்னித்துவிடும்; கருவாட்டுக் குழம்பை வேண்டாம் என்பவனுக்கு ஏதோ பெரிய வியாதி என்றுதான் நினைக்கும். டீக்கடையில் "பால் இல்லாம ஒண்ணு" என்று கேட்ட முதல் நாளே கடைக்காரர் பக்கத்தில் வந்து, ரகசியம் கேட்பவர் போல, "சுகர் எவ்ளோண்ணா கீது?" என்றார். சுகர் இல்லை என்றேன். "அப்ப மாலை போட்டுக்கினு கீறீங்களா?" என்றார். அதுவும் இல்லை என்றதும் டம்ளரைக் கொஞ்சம் அழுத்தியே வைத்துவிட்டுப் போனார். காரணம் சொல்லாத ஆளை யாருக்குத்தான் பிடிக்கும்?

காரணம் சொல்லிக்கொண்டு திரிய எனக்கு வராது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றித் தருவது என் வேலை. நடவு நேரத்தில் மோட்டார் நின்றுபோன விவசாயி எப்படிப் பேசுவார் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களோடு மல்லுக்கட்டியே தொண்டை போய்விடும். எனக்கும் கோபம் பொசுக்கென்று வரும். இந்த லட்சணத்தில் சாப்பாட்டைப் பற்றி வேறு ஊருக்கு உபதேசம் செய்யவா முடியும்?

இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடு ஈன்ற கன்று பத்தாம் நாள் செத்துப்போனது. கன்று இல்லாமல் மாடு பால் விடவில்லை. கறவைக்காரர், செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோல் அடைத்துத் தைத்து எடுத்து வந்தார். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. அதை மாட்டின் முன்னால் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை என்னுடையது. மாடு அதை நக்கும், பால் சுரக்கும், மனைவி கறந்து பால் சொசைட்டிக்கு அனுப்புவாள். மூன்று நாள் பிடித்தேன். நாலாம் நாள் அது நக்கிய நக்கில் தையல் பிரிந்து வைக்கோல் வெளியே வந்தது. மாடு அந்த வைக்கோலை இழுத்து மென்று தின்றது. அன்றைக்குக் காலையில் மனைவி நீட்டிய காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். யாரையும் குடிக்காதே என்று நான் சொன்னதில்லை. வீட்டில் மாடு இன்னமும் இருக்கிறது, அதற்குப் புல் அறுத்துப் போடுவதும் நான்தான்.

விட்ட பிறகுதான் ஒன்று தெரிந்தது. விட்டது கொஞ்சம், தட்டில் மிச்சமிருந்தது ஏராளம். காராமணிக் குழம்பில் பால் எங்கே இருக்கிறது? கத்திரிக்காய் புளிக்குழம்பில் இருக்கிறதா? முருங்கைக்கீரையை வதக்கி, வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துத் தூவி என் மனைவி ஒரு பொரியல் செய்வாள். அதை முன்பெல்லாம் கறிக் குழம்புக்குப் பக்கத்தில் ஓரமாக ஒதுக்கி வைப்பேன். இப்போது அதற்குத்தான் முதல் மரியாதை. தை மாதத்தில் மொச்சை, அறுவடை முடிந்ததும் பச்சை வேர்க்கடலை அவித்தது, எள்ளுப்பொடியில் நல்லெண்ணெய் குழைத்து ரெண்டு இட்லி, மழை நாளில் மிளகு ரசம். இத்தனை நாளும் என் வாய் ஊரில் இல்லாமல் வேறெங்கோ இருந்திருக்கிறது என்று தோன்றியது. உடம்பும் லேசானது, அதைச் சொன்னால் மறுபடி வைத்தியம் பேச ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்வதில்லை.

கஷ்டமாக இருந்தது மோர் ஒன்றுதான். சாப்பாட்டின் கடைசியில் மோர் ஊற்றாமல் எழுந்திருப்பது முதல் மாசம் பெரிய பேஜார். கை தானாகச் சொம்பைத் தேடும். ஒரு நாள் மனைவி வேர்க்கடலையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, காய்ச்சி, பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப்போட்டு மூடிவைத்தாள். அப்படிச் செய்தால் தயிராக உறையும் என்று யாரோ சொன்னார்களாம். முதல் தடவை வீடே நாறியது. இரண்டாம் தடவை தண்ணீராக நின்றது. மூன்றாம் தடவை கட்டித் தயிர். "வூட்ல கறக்கற பால் கீது, இங்க நான் கல்லக்கொட்டைல தயிர் கடையறேன். எந்த ஜென்மத்துப் பாவமோ" என்று திட்டிக்கொண்டேதான் செய்தாள். திட்டு தனி, தயிர் தனி. ரெண்டையும் நான் குறைவில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

வெளியில் சாப்பிடுவதுதான் வம்பு என்று நினைத்திருந்தேன். கடைத்தெருவில் ஒரு ஓட்டல். வாசலில் 'நெய் பொங்கல்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு. ஆசையாக இருந்ததால் உள்ளே போய் மாஸ்டரிடம், "எனக்கு மட்டும் நெய் ஊத்தாம ஒண்ணு செஞ்சி தர முடியுமா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். இருபுறமும் பார்த்தார். "அண்ணா, வெளிய சொல்லிடாதீங்க. கடை தெறந்த நாள்லேர்ந்து இதுல நெய்யே ஊத்தல. எல்லாம் வனஸ்பதிதான். தைரியமா சாப்புடுங்க" என்றார். இத்தனை வருஷம் ஏமாந்ததற்குக் கோபப்படுவதா, இனிமேல் சாப்பிடலாம் என்று சந்தோஷப்படுவதா? சந்தோஷப்பட்டேன். ரெண்டு தட்டு சாப்பிட்டேன்.

நான் இருக்கும் இந்த இருப்புக்கு ஒரு பெயர் உண்டு என்று சொன்னது என் தங்கை மகள். "மாமா, இதுக்குப் பேரு வீகன். உலகம் பூராவும் கீறாங்க. நீ ஒண்ணும் கிறுக்கு இல்ல" என்றாள். வீட்டில் என் பக்கம் பேசிய முதல் ஆள் அவள்தான். என் பிறந்தநாளுக்குத் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் போட்டுப் பாயசம் செய்து எடுத்து வந்தாள். அவள் அப்பா தவறிப் பத்து வருஷம் ஆகிறது. ஏனாத்தூரில் அவள் காலேஜ் படிக்கும்போது பஸ் ஏற்றிவிட்டது, பீஸ் கட்டப் போனது, எல்லாம் நான்தான். எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அவளைத்தான் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலேஜில்தான் அவள் ஒரு பையனைப் பார்த்துப் பிடித்துப்போய், ரெண்டு வருஷம் கழித்து என்னிடம் வந்து சொன்னாள். பையன் ஓரிக்கைப் பக்கம். ஒரே சாதி சனம்தான், நிலபுலம் உண்டு, மாடு கன்று உண்டு. ஊருக்கு அது பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தமாக இருக்கட்டும் என்று ரெண்டு வீட்டிலும் சேர்ந்து ஒரு நாடகம் போட்டோம். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி என்று தங்கை பூரித்துப்போனாள். எனக்குப் பழம் மட்டும் போதும் என்றேன். அடிக்க வந்தாள்.

பையன் வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்தார்கள். தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னால் போகக் கூடாது என்று தங்கை வரவில்லை. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுதினால் இந்தக் கதை முடியாது. அவளே மறுத்துவிட்டதால் நானும் மனைவியும் பங்காளிகள் ரெண்டு பேரும் கிளம்பினோம். நாலு பேராகப் போகக் கூடாது என்று கார் டிரைவரையும் சேர்த்து அஞ்சு என்று கணக்குச் சொன்னார்கள். கார் ஏறும்போது தங்கை என்னைத் தனியாக அழைத்தாள். "அண்ணா, அங்க போய் உன் பால் கதைய எடுத்துடாத. இன்னா குடும்பம்டா இதுன்னு நெனச்சிக்குவாங்க. கல்யாணம் முடியற வரைக்கும் வாய மூடிக்கினு இரு" என்றாள். சரி என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

நல்ல வீடு. பையனின் அப்பா அதிகம் பேசாதவர். பையனின் அம்மாதான் ஓடி ஓடிக் கவனித்தார். என் மனைவியைச் சமையல்கட்டுக்குள் அழைத்துப் போய்விட்டார்கள். நடுக்கூடத்தில் நானும் பங்காளிகளும் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா கையில் தட்டோடு வந்து, தாய்மாமன் என்பதால் முதலில் எனக்கு நீட்டினார். தட்டில் சீம்பால். ரெண்டு நாளைக்கு முன்னால் அவர்கள் மாடு ஈன்றிருக்கிறது. அந்த முதல் பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டிருந்தார். "யாருக்கும் குடுக்காம உங்களுக்குன்னே எடுத்து வெச்சேண்ணா" என்றார். சின்ன வயதில் எனக்கு உயிர் அது. கன்றுக்கென்றே முதலில் சுரக்கிற பால் அது என்பதும் எனக்குத் தெரியும்.

"வேணாம்மா" என்றேன், சிரித்த முகத்தோடு.

கேசரி வந்தது. நெய் மினுமினுத்தது. "அதுவும் வேணாம்மா." காப்பி வந்தது. "இருக்கட்டும்மா, தண்ணி குடுங்க போதும்." அந்த அம்மா ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தண்ணீர் கொண்டுவந்தார். பங்காளிகள் ரெண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த தட்டைத் தொடாமலே கீழே வைத்தார்கள். நான் அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கைக்குக் கொடுத்த வாக்குப்படி பால் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்ற பெருமிதத்தில் இருந்தேன். கடையில் வேலை இருக்கிறது, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

கார் பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது மூத்த பங்காளி, "நல்ல முடிவுண்ணா" என்றான்.

"இன்னா முடிவு?"

"இல்ல, வாசல்ல ஒரே சேறு. போர்த் தண்ணியும் உப்பு. நாங்களே சொல்லலாம்னுதான் இருந்தோம். நீ கை நனைக்காம எழுந்தியே, அங்கியே புரிஞ்சிக்கினோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப்போன வீட்டைப் பிடிக்கவில்லை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. அங்கே கை நனைக்காமல், அதாவது எதையும் சாப்பிடாமல், தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டால் போதும். அவர்களுக்குப் புரிந்துவிடும். நானே வேறு ரெண்டு வீடுகளில் அப்படி எழுந்து வந்தவன். வாக்கைக் காப்பாற்றிய பெருமையில் அது நினைவுக்கே வரவில்லை. வழக்கம் தெரியாதவன் செய்தால் தப்பு என்று விடலாம். தெரிந்தவன், அதுவும் தாய்மாமன் செய்தால் அது தீர்ப்பு.

"இன்னாது, நீங்க ஒண்ணும் சாப்புடலியா?" என்று மனைவி அலறினாள். "நான் உள்ள ரெண்டு தட்டு கேசரி சாப்ட்டனே!" பெண்கள் சமையல்கட்டில் சாப்பிடுவது கணக்கில் வராது. ஆண்பிள்ளை நடுக்கூடத்தில் சாப்பிட்டால்தான் கணக்கு. உடனே அந்த வீட்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் ஆனது.

சாயந்திரம் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். பையன் போனில் அழுதானாம். சீம்பாலைக்கூடத் தள்ளிவிட்டுப் போனவர்களிடம் இனி என்ன பேச்சு என்று அவன் அம்மா சொல்லிவிட்டாராம். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் சத்தமே போடவில்லை. "ஒரு வாய் மாமா. எனக்காக ஒரு வாய் சாப்ட்டு இருக்கக் கூடாதா?" என்றாள். எனக்குப் பெயர் கண்டுபிடித்துக் கொடுத்தவள், பாயசம் செய்து கொடுத்தவள் கேட்கிறாள். என் வாழ்க்கையில் அத்தனை வெட்கம் நான் பட்டதில்லை.

யோசிக்க ஒன்றுமில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. என் நாலு வருஷத்துப் பிடிவாதமா, அவள் வாழ்க்கையா? சாப்பிட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, குழப்பமாக இல்லை.

மறுநாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். பையனும் அவன் அப்பாவும் வெளியே போயிருந்தார்கள். அந்த அம்மா மாட்டுக் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாத்தி வைத்தார். வாங்க என்று சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

"கை நனைக்க வந்து கீறேன், தங்கச்சி. நேத்து வேணான்னத இன்னிக்கி குடுங்க" என்றேன்.

"நேத்து புடிக்காதது இன்னிக்கி எப்டிண்ணா புடிச்சிது?"

அதற்குமேல் மறைத்து என்ன? கொட்டகை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செத்த கன்று, தோலுக்குள் அடைத்த வைக்கோல், அதை மாடு தின்றது, தங்கைக்குக் கொடுத்த வாக்கு. எங்கள் ஊரில் யாரிடமும் சொல்லாத கதையை அவரிடம்தான் முழுதாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் கட்டியிருந்த கன்றை ஒரு தடவை பார்த்தார்.

"நாங்க கன்னுக்கு வுட்டுட்டுதாண்ணா கறப்போம்" என்றார்.

"தெரியும் தங்கச்சி. உங்கள கொறை சொல்ல வரல. தப்பு என்னுது."

உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்தார். நாலு துண்டு மிச்சம் இருந்தது. "உங்க பொண்ணுக்காக இத சாப்புடுவீங்களா?" என்று கேட்டார். சாப்பிடுவேன் என்று ஒரு துண்டை எடுத்தேன். ஏலக்காய் வாசனை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவர் எட்டி அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கித் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"வேணாம்ணா" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கெஞ்சுவதற்கு வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மனசுக்கு ஒவ்வாதத இன்னிக்கி உங்கள நான் தின்ன வெச்சிட்டேன்னு வெச்சிக்கோங்க. நாளைக்கி போன்ல உங்க பொண்ணு குரல் கொஞ்சம் கம்மி இருந்தாகூட, அந்த வூட்ல அவள இன்னா பண்ண வெச்சாங்களோன்னுதாண்ணா உங்களுக்கு மொதல்ல தோணும். அந்தப் பேரு எனக்கு வேணாம்."

அவர் உள்ளே போய் ஒரு அலுமினியக் குண்டானும் தட்டும் எடுத்து வந்தார். "என் நாஷ்டாதான் கீது. பழைய சோறு. இன்னும் மோர் ஊத்தல. தொட்டுக்க நேத்து புளிக்கொழம்பு கீது. சம்பந்திக்குப் போயி பழைய சோறு போட்டேன்னு வெளிய சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத்தான் இப்போது வெட்கமாக இருந்தது. நான் தரையில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. குழம்பில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவரும் நம்பியது போல இருந்துவிட்டார். நிலம் எவ்வளவு, பையனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கத் தங்கை ஒரு பட்டியல் சொல்லியிருந்தாள். ஒன்றையும் நான் கேட்கவில்லை.

வாசலுக்கு வந்ததும் தங்கை மகளுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். கை நனைத்துவிட்டேன் என்று சொன்னேன். "மாமா, பாலா?" என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"எடுத்து வாய்கிட்ட கொண்டு போய்ட்டேன்மா. உன் மாமியார் வுடல" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா வாசலுக்கு வந்து, போனைக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார்.